அம்மா மடியில் அமர்ந்த கட்டு

அந்துருண்டையும் பசை காய்ந்த காகிதமும் வேர்க்கடலையும் கலந்த ஒரு வாசனைதான், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும். அம்மா வக்கீல், முன்னறைதான் ஆபீஸ். வேர்க்கடலை, கட்சிக்காரர்கள் அன்போடு கொண்டுவந்து தள்ளியது. மற்ற வாசனை இரும்பு ரேக்கில் சிவப்பு நாடா கட்டி அடுக்கியிருந்த வழக்குக் காகிதங்களுடையது. அவற்றுக்குப் பெயர் "கட்டு".

அதில் ஒரு கட்டுதான் என் பரம விரோதி. கீழ்பென்னாத்தூரில் அண்ணன் தம்பி இருவர் ஒரு கிணற்றுக்காகப் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினை வழக்கு அது. அம்மாவின் முதல் வழக்கு. நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. "அதான் உனக்கு அண்ணன்" என்று அப்பா விளையாட்டுக்குச் சொன்னதை நான் மனப்பூர்வமாக நம்பி, மனப்பூர்வமாகவே பொறாமைப்பட்டேன். ஆயுத பூஜைக்கு அண்ணனுக்குப் புது மஞ்சள் துணி; எனக்குப் பெரியம்மா மகளின் பழைய பாவாடை.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. நகல் எடுப்பது, நோட்டீஸ் அனுப்புவது, வாய்தா தேதி பார்த்துக் கட்டுகளைத் தட்டு மாற்றி வைப்பது என்று வாதாடுவதைவிட வாதாடாத வேலைதான் அவளுக்கு ஜாஸ்தி. பௌர்ணமி வந்தால் போச்சு. "அப்டியே வக்கீலம்மாவயும் பாத்துட்டு மலைய சுத்தலாம்னு வந்தோம்" என்று வாசல் நிறைந்துவிடும். தினமும் கோர்ட்டிலிருந்து வந்ததும், முந்தானையால் அண்ணனின் தூசியைத் துடைத்துத் தட்டில் வைத்த பிறகே நான் அவள் கண்ணில் படுவேன். குமாஸ்தா ஏழுமலை இதற்கு நியாயம் வேறு சொல்வார்: "புள்ள காணாமப் போனா தேடிப் புடிச்சிடலாம் கண்ணு. கட்டு காணாமப் போனா?"

நாலாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்கு மயில் வேஷம். அதே நாளில் அண்ணனுக்கு வாய்தா. "கோர்ட்டு தேதிய நாம மாத்த முடியாது கண்ணு" என்று ஏழுமலை கைவிரித்துவிட, நான் இடுப்பில் சிவப்பு நாடா கட்டி, பெயர் எழுதிய அட்டையை அதில் சொருகிக்கொண்டு, அந்த வாரத்துக் கட்டுகள் இருக்கும் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் குனிந்த அம்மா திடுக்கிட்டாள். "ஏழுமல, இது யாரு போட்ட கேசு?"

"தெரிலீங்கம்மா. ஆனா பிரதிவாதி நீங்கதான்."

அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நாளைக்கி சாயந்தரம்தானடி விழா? கோர்ட்டு முடிஞ்சி நேரா வந்துர்றேன்." வழக்கில் ஜெயித்தேன், தட்டிலிருந்துதான் வெளியே வர முடியவில்லை. அப்பா காலைப் பிடித்து இழுத்தார். அப்போதே நான் கொஞ்சம் பருத்த கட்டுதான்.

சொன்னபடி வந்தாள், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல். மேடையிலிருந்து தேடினேன், இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவள் மடியில், மஞ்சள் துணி சுற்றி, ஜம்மென்று அண்ணன்! ஆத்திரத்தில் நான் தோகையை விரித்த வேகத்துக்குக் கைதட்டல் பலமாக விழுந்தது.

இன்று நானும் வக்கீல். வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ். மனுவெல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது, வாய்தா செல்போனில் வருகிறது. ஸ்கேனில் ஒரு பக்கம் கோணலாக விழுந்தால் மொத்தமும் திரும்பி வருகிறது. பாஸ்வேர்டை மறந்து பாதி நாள் போகிறது. வேலை குறையவில்லை; ரேக்கும் நாடாவும் அந்த வாசனையும்தான் போய்விட்டன. கீழ்பென்னாத்தூர் வழக்கும் எப்போதோ ராஜியாகிவிட்டது. எதிரியே இல்லாத நிம்மதி எனக்கு.

போன வாரம் அம்மா வந்திருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "கட்டெல்லாம் எங்கடி?" என்றாள்.

"எல்லாம் இதுக்குள்ளதாம்மா" என்று லேப்டாப்பைக் காட்டிவிட்டு, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்: "அன்னிக்கி என் மயில் டான்ஸ் எப்டிம்மா இருந்துச்சி?"

"நல்லாத்தான் இருந்திருக்கும். வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சா, கட்டு நனஞ்சிடப் போவுதேன்னு பாதிக்கு மேல நான் பாக்கவே இல்ல."

ஆபீஸில் கரண்ட் இல்லை. என் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பதறிப்போய் முந்தானையை இழுத்தாள்.

லேப்டாப்பைத் துடைத்தாள்.