மாவுக்கு ஒரு ஸ்வெட்டர்

கொடைக்கானலில் இட்லி மாவு தானாகப் பொங்காது. கீழேயிருந்து வாழ வருகிற எந்தப் பெண்ணுக்கும் இந்த ஊர் கொடுக்கும் முதல் அடி அதுதான். நான் பழனியில் பிறந்து வளர்ந்தவள். அடிவாரத்து வெக்கையில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கல்யாணமாகி மேலே வந்த முதல் வாரம், மருமகள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில் இட்லிக்கு ஆட்டினேன். காலையில் திறந்து பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. பிடிவாதமாக இட்லி ஊற்றினேன். பிட்டுத் தின்ன முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

என் கணவருக்குக் கடைவீதியில் கம்பளி உடுப்புக் கடை. அன்று சாயங்காலம் கடையிலிருந்து மெரூன் நிறத்தில் ஒரு குழந்தை ஸ்வெட்டரை எடுத்து வந்தார். வடக்கேயிருந்து வந்த சரக்கில் அது ஒன்று மட்டும் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் பின்னப்பட்டு, விலைபோகாமல் கிடந்ததாம். அதை மாவு இருந்த தூக்குவாளிக்கு மாட்டி, நீளக் கையைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார்.

"பாத்தீங்களா டீச்சரம்மா, இந்தத் தூக்குக்குன்னே அளந்து பின்னியிருக்கான்."

நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தச் சேர்ந்திருந்தேன். அவர் என்னைக் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார். கேலி பாதி, பெருமை பாதி. ஸ்வெட்டர் போட்ட தூக்கைக் கொண்டுபோய் எங்கள் கட்டிலில் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். எனக்குத் திக்கென்றது.

"மாவக் கூட வெச்சுக்கிட்டா படுக்கிறது?"

"மலையில எல்லா வீட்லயும் இப்படித்தான். குளிர்ல மாவு தனியாப் படுக்காது."

மறுநாள் மாவு பொங்கியிருந்தது. அன்று முதல் மாவு ஆட்டிய ராத்திரிகளில் எங்கள் கட்டிலில் மூன்று பேர். மகன் பிறந்த பிறகு நான்கு பேர்.

எங்கள் சண்டையும் அந்த ஸ்வெட்டரில்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். உலகம் மனுசனுக்காக அளந்து வைக்கப்பட்டது என்பது அவர் கட்சி. சூரியன் கொஞ்சம் கிட்டே வந்தால் கருகிப்போவோம், கொஞ்சம் தள்ளிப்போனால் விறைத்துப்போவோம், இந்த அளவெல்லாம் அல்லா போட்டது என்பார். என் கட்சி வேறு. உலகம் அது பாட்டுக்குக் கிடக்கிறது, உயிர்தான் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது, மாற்றிக்கொள்ளத் தெரியாததெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தொழுகைக்கு அவர் பின்னால் நின்றவள்தான் நான். ஆனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அளந்து வெச்ச உலகம்னா ஒங்க கடைக்கு எவன் வருவான்? சீசனுக்கு வர்றவன் பூராம் நடுங்கிக்கிட்டுல்ல வந்து ஸ்வெட்டர் வாங்குறான்?"

"அதுக்குத்தான ஆட்டையும் சேத்துப் படைச்சிருக்கான்."

மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை மன்னவனூருக்கு ஆடு பார்க்கப் போனோம். புல்மேட்டில் ரோமம் புசுபுசுவென்று மண்டிய ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சரக்கு நடந்து வருது பாருங்க என்றார். நான் விடவில்லை. குளிர் முதலில் இருந்தது, அதைத் தாங்குகிற ஆடு பிழைத்தது, ரோமத்துக்காக யாரும் குளிரைக் கொண்டுவந்து வைக்கவில்லை என்று அந்த மேட்டில் நின்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த ஆடு தானா நடந்து வரல டீச்சரம்மா. எங்கிருந்தோ பாத்து எடுத்துக் கொண்டாந்து விட்ருக்காங்க." வீடு வந்து சேரும் வரை நான் அவரோடு பேசவில்லை.

அப்புறம் போனில் வீடியோ பார்க்கிற காலம் வந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஒங்க ஆளுகளே ஒத்துக்கிட்டாங்க" என்றார். ஏதோ ஒரு விஞ்ஞானியின் பேச்சு. ஈர்ப்பு விசையின் அளவு இம்மி மாறியிருந்தால், அணுக்கருவைப் பிடித்து வைத்திருக்கும் விசை இம்மி குறைந்திருந்தால், நட்சத்திரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, நாமும் இல்லை. அதெல்லாம் நான் வகுப்பில் சொன்னதுதான். அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, மாறியிருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது, தெரியாததற்குப் பேர் வைத்துவிட்டால் தெரிந்ததாகிவிடாது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"சரி. நாமதான் பழகிக்கிட்டோம்னே இருக்கட்டும். பழகிக்க விடுற மாதிரி ஒரு உலகம் எப்படிக் கெடச்சுச்சு? நெலாவுல போயி எதாச்சும் பழகிக்கிருச்சா?"

"வெரசாச் சாப்ட்டுச் சோலியப் பாருங்க, கடை சும்மா கெடக்கு" என்றேன். நிதானமாக ஒரு பதிலை யோசித்து வைத்து இன்னொரு நாள் மடக்கலாம் என்று இருந்தேன்.

போன ஐப்பசியில், மூன்று நாளாக விடாத மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு சாயங்காலம், கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருக்கிற மாதங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பழகிரும். மச்சினி சொன்னாள், பக்கத்துக் கடைக்காரரின் மனைவி சொன்னாள், பால் ஊற்றுகிற அம்மாகூட வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது. எனக்குக் கோபமாக வந்தது. காலமெல்லாம் நான் அவரிடம் வாதாடிய வார்த்தை அது. உயிர் எதற்கும் பழகிக்கொள்ளும் என்று நான்தானே சொன்னேன். ஊரே என் கட்சிக்கு வந்துவிட்டது, எனக்குத்தான் அதில் இருக்கப் பிடிக்கவில்லை. அவர் கட்சி ஜெயித்தால்கூட நல்லது என்று தோன்றியது. அளந்து வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்றால், ஏன் இப்படி அளந்தாய் என்று நேராகச் சண்டை போடவாவது ஓர் ஆள் இருக்கும். வெறும் குளிரோடு எப்படிச் சண்டை போடுவது?

இத்தா முடிந்ததும் முதல் வேலையாக இட்லிக்கு ஆட்டினேன். பழைய மாதிரியே உப்புப் போட்டுக் கையால் கரைத்து, தூக்குக்கு ஸ்வெட்டரை மாட்டி, ரஜாய்க்குள் நடுவில் வைத்துப் படுத்தேன். காலையில் மாவு பொங்கவில்லை. உளுந்து பழசு என்று கடைக்காரரைத் திட்டி வேறு உளுந்து வாங்கினேன். அதுவும் பொங்கவில்லை. அரிசியை மாற்றினேன், கிரைண்டர் கல்லைக் கழுவிக் காயவைத்தேன், குழாய்த் தண்ணீரில் மருந்து அதிகம் என்று முனிசிபாலிட்டியைத் திட்டினேன். மார்கழியானால் பரவாயில்லை, இது வெயில் காலம். பிறகு இட்லியே வேண்டாம் என்று விட்டுவிட்டு ரொட்டி தின்றேன். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் கதவைச் சாத்திக்கொள்வேன். காட்டுமாடு வந்து வேலியோரம் நின்று மூச்சு விடுவது கேட்கும். அன்றைக்கு வீட்டைச் சுற்றிக் கேட்கும் ஒரே மூச்சு அதுவாக இருக்கும்.

மகன் மதுரையில் இருக்கிறான். தனியாக இருந்தது போதும், வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்துவிடுங்கள் என்று போனில் நச்சரித்தான். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று இறங்கினேன். மலைப்பாதையில் பாதி இறங்கும்போது காது அடைத்தது, வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றினேன், மதுரை வந்ததும் ஆளே வேறாகிப்போனேன். எனக்கென்று மாடியில் ஓர் அறை கட்டியிருந்தான். என் முழங்காலுக்குத் தகுந்த உயரத்தில் கட்டில். படுத்தபடி கைநீட்டினால் சுவிட்ச். தொழுகைக்குத் தனி இடம். ஏசியை எந்த அளவில் வைக்க வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தான்.

"கதவச் சாத்திட்டீங்கன்னா கொடைக்கானலேதாம்மா. எல்லாம் ஒங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது."

அப்பனைக் கொண்ட பிள்ளை, அவன் அத்தாவைப் போலவே பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அளந்து வைத்த உலகம் ஒன்று எனக்குக் கிடைத்தேவிட்டது, அதுவும் ரிமோட்டோடு. மனசு இளகி, இங்கேயே இருந்துவிடலாம் என்று பாதிக்கு மேல் முடிவு செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மருமகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நானே இட்லிக்கு ஆட்டினேன். அறை ஜில்லென்று இருந்ததா, பழக்கதோஷத்தில் தூக்குக்கு அந்த மெரூன் ஸ்வெட்டரை மாட்டி (அதை எதற்குப் பெட்டியில் வைத்தேனோ), போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

எப்போது கரண்ட் போனது என்று தெரியாது. வெள்ளனே தொழ எழுந்தால் கையெல்லாம் பிசுபிசுத்தது. மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் நிரப்பி, புது மெத்தையில் இறங்கி, என் தலையணை வரை வந்திருந்தது. நான் போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த மகன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மருமகள் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விடுங்க மாமி, கழுவிக்கலாம்" என்றாள்.

"ஏம்மா, மதுரையில போயி மாவுக்கு ஸ்வெட்டரா? இங்க வாசல்ல வெச்சாலும் பொங்கிரும். யாரும் பக்கத்துல படுக்க வேணாம்."

நானும் சிரித்தேன். அன்றைக்கு இட்லி பஞ்சு மாதிரி வந்தது. ஆனால் யாரும் பக்கத்தில் படுக்க வேண்டாம் என்று அவன் சொன்னது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சாமான்களைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி மேலே ஏறினேன்.

இரண்டு நாள் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போட்டேன். கடைசியாக ஒருமுறை என்று இட்லிக்கு ஆட்டி, துவைத்துக் காய்ந்த ஸ்வெட்டரைத் தூக்குக்கு மாட்டி, ரஜாய்க்குள் நடுவில் வைத்துப் படுத்தேன். பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தில் விழித்ததும் படுத்தபடியே கையை நீட்டித் தூக்கைத் தொட்டேன். என் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. கையைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அவர் படுக்கிற பக்கம். அங்கே தூக்கு தண்ணீர்த் தொட்டிக் கல்லைப் போல் சில்லிட்டிருந்தது.

உளுந்தைத் திட்டினேன், அரிசியைத் திட்டினேன், முனிசிபாலிட்டியைத் திட்டினேன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்று அத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளுக்கு, ஒரு ஆள் குறைந்தால் ஒரு ஆளின் சூடு குறையும் என்று தோன்றவில்லை. மாவைப் பொங்க வைத்தது ஸ்வெட்டர் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கல்யாணமான முதல் வாரம் அழுதது போல அழுதேன்.

வெயில் ஏறியதும் மகன் கூப்பிட்டான். சாமானெல்லாம் கட்டியாயிற்றா, வண்டி அனுப்பவா என்றான். நான் வரவில்லை என்றேன். பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டான். காலையில் நடந்ததைச் சொன்னேன். பிறகு, விஷயம் புரிந்தவன் போல மெதுவாகச் சொன்னான்.

"சுடுதண்ணிப் பை ஒண்ணு வாங்கி அத்தா பக்கம் வெச்சாப் பொங்கிரும்மா. இங்க வந்துட்டீங்கன்னா அதுகூட வேணாம். கொஞ்ச நாள்ல பழகிரும்."

"பழகிரும்டா. எனக்குத் தெரியாதா? அதான் வரலங்குறேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அங்க எல்லாமே அத்தா இல்லாம பொங்குது. இங்க மாவுக்காவது தெரியுது, அவரு இல்லன்னு."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து தோசைக்கல்லை வெளியே எடுத்து, பொங்காத அந்த மாவிலேயே ஒரு தோசை ஊற்றினேன்.