விஜயம்மாவின் அடிவயிற்றுத் தொங்கல்

வெள்ளறடை முதல் பாறசாலை வரை, உடம்பு எடையில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடுகிற ஒரே பெண் விஜயம்மாதான். பாதி என்பது கொஞ்சம் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறதே என்று சொன்னது. மூன்றில் ஒரு பங்கு என்றால் அவளே தலையாட்டுவாள்.

சர்க்கரை ஏறிப்போனதால் மரச்சீனிக் கிழங்கையும் ராத்திரிச் சோற்றையும் விட்டாள். ஆரியங்கோட்டுத் தோட்டத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆட்டோவில் போவதை நிறுத்தி நடந்தே போனாள். கன்னம் வற்றியது, கை வற்றியது. ஒன்று மட்டும் வற்றவில்லை. அடிவயிற்றுக்குக் கீழே, பெண்ணுறுப்புக்கு மேலே இருந்த மேடு காற்றுப் போன பை போலத் தொங்கியது. மரத்துக்கு மரம் நடக்கையில் தொடையில் உரசிப் புண்ணானது. மூத்திரம் நேரே விழாது. பவுடர் போட்டுப் பார்த்தாள், துணி வைத்துக் கட்டிப் பார்த்தாள். கடைசியில் வெட்டுக்கத்தியைக் கணவன் பொன்னையனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். பொன்னையன் வெட்டினால் மரமே அழும். இனி அந்த மரங்களுக்கு நடுவே நடக்கவே முடியாதோ என்பதுதான் அவளுக்குத் துக்கம்.

மருமகள் லேகா விவரம் பிடுங்கி, திருவனந்தபுரத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் பிரசீதாவிடம் கூட்டிப்போனாள்.

"டாக்டரே, இதுக்கும் ஆப்பரேஷன் உண்டா? சொல்லவே நாணமாட்டு இருக்கு."

"உண்டு. எடை கொறஞ்ச நெறைய பேருக்கு இந்தக் கஷ்டம் உண்டு."

மேல்பக்கமிருந்து தோலையும் கொழுப்பையும் படகு வடிவில் ஒரு துண்டாக எடுப்பது. மிச்சக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சுவது. தொங்குவதை மேலே தூக்கி, உள்ளேயிருக்கும் உறுதியான படலத்தோடு தைத்துவிடுவது. இவ்வளவுதான் வேலை என்றார் டாக்டர். ஒரேயடியாக இழுத்தாலும் ஆகாதாம், மூத்திரம் மேல்நோக்கிப் போகுமாம்.

அறுவைக்கு முன் விஜயம்மாவை நிற்க வைத்து பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் தொங்கல் தெரியாதே. அவள் குனிந்து பார்த்தாள்.

"ரப்பர் பட்டையில கோடு போடுத மாதிரியாக்கும் இருக்கு. ஆழமாட்டு வெட்டாதிய டாக்டரே, பட்டைக்கு உள்ள இருக்க தடி தெரியப்பிடாது."

கண் விழித்தபோது காயத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் சிறு பாட்டிலுக்குள் போயிருந்தது. சிரட்டையில் ரப்பர் பால் போல, பாட்டிலில் சிவப்பு நீர் நிறைவதைக் கண்டு மனம் குளிர்ந்தாள். "நல்ல வடிப்பு உண்டு," என்று நர்ஸ் லிஜியிடம் பெருமையடித்தாள். பாட்டிலைக் காலி செய்யும்போதெல்லாம் லிஜி இதைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் பாட்டிலின் அடியில் பேருக்குத்தான் ஈரம் இருந்தது. பட்டை மரத்துப்போய்ப் பால் நின்ற ரப்பர் மரத்துக்கு அப்புறம் கத்தி கிடையாது, கோடாலிதான். விஜயம்மா தலையணையில் முகம் புதைத்து விம்மினாள்.

லிஜி ஓடி வந்தாள். "ஏன் கரையுதிய அம்மா? வலிக்குதா?"

"மக்கா, வடிப்பு நின்னு போச்சு. பட்டை மரச்சுப் போச்சாக்கும். எனக்க கதை முடிஞ்சு."

லிஜி சுவரில் சாய்ந்து சிரித்தாள். "நீங்க என்ன ரப்பர் மரமா? உள்ள நீர் கட்டப்பிடாதுன்னுதான் இந்தக் குழாய். வடிப்பு நின்னாத்தான் நல்லது. இன்னைக்குக் குழாய எடுத்துட்டு வீட்டுக்கு விடுவாவ."

"உள்ளதாட்டா? பொய்யில்லையே?"

"உள்ளதாட்டு!"

கன்னத்தில் கண்ணீர் காயுமுன் விஜயம்மாவும் சிரித்தாள். தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள்.

வீக்கம் வடியப் பல வாரமானது. அதுவரை இறுக்கமான உள்ளாடைக்குள் கிடந்தாள். தழும்பு ஜட்டிக்குள்ளேயே மறைந்துபோனது. டாக்டர் சம்மதித்த மறுநாளே பொன்னையனையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது லேகா வாசலில் நின்றாள். "எப்பிடி இருந்துது மாமி?"

"உரசலும் இல்ல, எரிச்சலும் இல்ல. டாக்டர் சொன்ன மாதிரி மெள்ள நடந்தேனாக்கும்."

பின்னால் மூச்சு வாங்க வந்த பொன்னையன் படியில் உட்கார்ந்தான்.

"நடந்தாளா? ஓடினா பிள்ளே. பின்னால ஓடி எனக்க தொடைதான் இப்பம் உரசிப் போச்சு."