கிழங்குக்கு அம்மா கேட்ட விலை

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பள்ளிக்குக் கட்டிப்போகும் சேலையைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தேன். தம்பி புக்கிட் செலம்பா தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். இறங்காமலேயே, "அம்மா போயிருச்சுக்கா" என்றான். சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் அவன் பின்னால் ஏறினேன். கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடுவது அம்மாவுக்குப் பிடிக்காது.

என் அம்மாவை, ரப்பர் தோட்டத்து அஞ்சலையை, உங்களில் பலருக்குத் தெரியும். காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். எழுத்து ஒன்றும் தெரியாது. யாரையும் எளிதில் மன்னிக்கவும் மாட்டார்.

பாடை கிளம்பும் முன், அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியாரின் மகன் வந்து மாலை போட்டார். இன்று சுங்கைப் பட்டாணி டவுனில் பெரிய கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கம்மா போட்ட பிச்சைலா, இந்தம்மா மக இன்னிக்கு டீச்சரா இருக்குறது" என்றார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். சாவு வீட்டில் நான் பதில் பேசவில்லை. இந்தப் பத்திரிகையில் பேசுகிறேன்.

சண்டையில் ஜப்பான்காரன் வந்தபோது நான் சிறுமி. அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். அம்மா கிராணியார் வீட்டில் பெருக்கித் துடைக்கப் போவார், நானும் கூடப் போவேன். ஒருநாள் அங்கே அலமாரியில் இருந்த கதைப் புத்தகம் ஒன்றைத் தொட்டுவிட்டேன். கிராணியாரின் மனைவி அதைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தார். அவரை எல்லோரும் கிராணியம்மா என்போம். "நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? உங்கம்மா மாதிரி பால் வாளி தூக்கத் தெரிஞ்சா போதும்" என்றார்.

அம்மா மீதி அறையையும் பெருக்கி முடித்தார். வீடு திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தார். "அந்தப் பேச்சை எடுத்து வெச்சுக்க. கீழ போட்டுடாத."

மறுநாளிலிருந்து நாங்கள் அங்கே போகவில்லை. அம்மா ஆற்றோரம் புதரை வெட்டி மரவள்ளி நட்டார். கிழங்கு முற்றுவதற்குள் அரிசி கண்ணில் படாத பொருளாகிவிட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதோடு கிராணியாரின் அதிகாரமும் பாதி போயிருந்தது. மண்ணைக் கொத்தி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ஒரு சாயங்காலம் கிராணியம்மா முதல்முறையாக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பட்டுச் சேலையோடு.

"அஞ்சலை, இதை வெச்சுக்க. ஒரு கூடை கிழங்கு குடு, போதும்."

"பட்டைக் கட்டிக்கிட்டு நான் எங்க போறது? மரவள்ளிக் கொல்லைக்கா? குரங்கு சிரிக்கும்லா."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"எம் மகளுக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க."

"அவ்வளவுதானே. வீட்டுக்கு அனுப்பு."

"அவ வரமாட்டா. நீங்கதான் இங்க வரணும். புத்தகத்தையும் கொண்டாங்க. இந்தத் தரையில உக்காந்து அவ படிக்கிறதக் கேளுங்க. முடிச்ச பொறவு கூடையத் தூக்கிக்குங்க."

கிராணியம்மா வந்தார். தினமும் வந்தார். சொல்லிக்கொடுக்க அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அம்மா கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே எதிரில் உட்கார்ந்து கிராணியம்மாவின் முகத்தைப் பார்ப்பார். "நீ தப்பா படிச்சா அவுங்க மூஞ்சி சுளிக்குது. எனக்கு அது போதும்" என்பார் என்னிடம்.

ஒருநாள் கிராணியம்மா அவசரத்தில் இருந்தார். நான் ஒரு வரியைத் தாண்டிப் படித்ததைக்கூடக் கவனிக்காமல் "ம், சரி, சரி" என்று கூடையை இழுத்தார். அம்மா கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு நீங்க கூடையத்தான் பாத்தீங்க, புள்ளையப் பாக்கல. நாளைக்கு வாங்க."

"வீட்டுல பையன் பட்டினி கெடக்கிறான் அஞ்சலை."

"அவன இங்க அனுப்புங்க, தின்னுட்டுப் போகட்டும். கூடை நாளைக்குத்தான்."

பையன் வந்தான். அவித்த கிழங்கை எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனான். சாவு வீட்டில் பிச்சையைப் பற்றிப் பேசியவர் அந்தப் பையன்தான்.

கிராணியம்மாமேல் அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து, அவரும் இறந்துபோன பிறகு அவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இப்போதும் வரவில்லை.

சண்டை முடிந்து கடைக்கு அரிசி வந்ததும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு கிராணியம்மா உட்கார்ந்த இடத்தில் தானே உட்கார்ந்தார். மறுபடி திறந்த பள்ளியில் கிடைத்த புத்தகத்தை நான் மனதுக்குள் படித்தால் விடமாட்டார். "வாயத் தொறந்து படி, எனக்குக் கேக்க வேணாமா?" என்பார். "கதையில அந்தப் பொண்ணு எதுக்கு ஆத்தங்கரைக்குப் போச்சு? நேத்து வேற மாதிரில்ல சொன்ன?" என்று மடக்குவார். புரியாமல் ஓட்டினால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வேன். எழுத்துகளைக் கிராணியம்மா காட்டினார். என்னை வாசகியாக்கியது அம்மாவின் அந்தக் கேள்விகள். தோட்டத்தில் என்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் படிப்பதைக் கேட்க வீட்டில் யாரும் உட்காரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கிராணியாரின் மகன் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்கு ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க வரவில்லையாம். "அலமாரி நெறயப் புத்தகம் வாங்கிப் போட்டுட்டேன் டீச்சர். நமக்குக் கடையை விட்டு நகர முடியல. நீங்கதான் பாத்துக்கணும். என்ன கேட்டாலும் தர்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்துவிட்டேன்.

அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வன்மம்தான். அதைக் கீழே போடுவதாக இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பேன்; அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவள் தகப்பனும் கூட வர வேண்டும். கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், அம்மா இருந்த அந்தத் தோட்டத்து வீட்டுக்கு. தரையில் உட்கார்ந்து அவள் படிப்பதைக் கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தால் அன்றைய பாடம் செல்லாது, மறுநாள் அதே பக்கம். இது பிள்ளைக்காகவா, பழிக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவாலும் முடிந்திருக்காது.

தம்பிக்குக்கூட இதைச் சொல்லவில்லை. கிராணியார் மகனும் அச்சில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். மகள் பக்கத்தை முடிப்பதற்குள் அவர் கால் மரத்துப் போகும். போகட்டும்.