கிப்புலு யார் வீட்டுப் பிள்ளை?

ஆரியர்களின் ஆதி வீடு எது என்று சீமைப் பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஆசியாவின் நடுவே என்கிறார், இன்னொருவர் ஜெர்மனி என்கிறார். இந்தச் சண்டையில் தமிழுக்கும் ஓர் இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு என்று எனக்குள் எப்படியோ ஓர் எண்ணம் புகுந்துவிட்டது. தை மாதத்தில் நான் கோலார் தங்கவயலுக்குப் போனது அதனால்தான்.

விடுமுறைக்கு வேலூர்ப் பக்கம் வந்திருந்த சுரங்க ஆட்கள், கல்லை மேலே தூக்கும் பெரிய இரும்பு வாளியைக் ‘கிப்புலு’ என்று பேசிக்கொண்டார்கள். எந்த நிகண்டிலும் இல்லாத சொல்! தமிழில் கிணற்றுக்குக் கூவல், வடமொழியில் கூபம், கிரேக்கத்தில் கோப்பைக்குக் கூப்பெல்லோன், நடுவில் நம் கிப்புலு. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கட்டுரை எழுதிவிட்டேன். அதைச் சென்னையில் ஒரு சபையில் ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். அங்கே எனக்கு எதிர்வாதம் செய்யும் வக்கீல் தப்புக் கண்டுபிடித்தால் ஆளைச் சும்மா விடமாட்டார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மானம் போனால் மிச்சம் என்ன? சொல்லை நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

காட்பாடியிலிருந்து பௌரிங்பேட்டை ஏறக்குறைய நூறு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல். அங்கே இறங்கி, தங்கவயலுக்குப் புதிதாகப் போட்டிருக்கும் கிளைப் பாதையில் பத்து மைல் போக வேண்டும். வண்டி நிறைய நம் வடஆர்க்காட்டு ஜனம். கன்னட தேசத்துக்குள் வந்துவிட்டோம் என்பதையே மறந்துபோனேன்.

கோரமண்டல் சுரங்கத்தில் ஆள்கணக்கு எழுதும் தாவீது என் மனைவியின் தம்பி. வந்த காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. பிறகு பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஷாப்டு வாய்க்கு, அதாவது சுரங்கக் கிணற்றின் வாய்க்கு, அழைத்துப் போனான். வாளியைக் காட்டி ஒரு தொழிலாளியிடம் பேர் கேட்டேன்.

“கிப்புலுங்க.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மேஸ்திரி “கிப்பிள்!” என்று கத்தினார். பார்த்தீர்களா, துரையே நம்மிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்! அவரிடம் போய் ஆங்கிலத்தில் பாராட்டியே விட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இது எங்கள் சீமையில் கார்ன்வால் சுரங்கத்துச் சொல். என் தாத்தாவும் இப்படித்தான் சொன்னார்” என்றார்.

தாவீதுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னா மாமா, இதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க? அது அவுங்க சொல்லுதான். நாங்க இங்க வந்துதான் கத்துக்கினோம். கேஜு, லெவலு, ஷிப்டு எல்லாம் அப்படித்தான். வாங்க, வூட்டாண்ட போய் காப்பி குடிப்போம்.”

வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. வக்கீல் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒரு மேஸ்திரியும் ஒரு மைத்துனனும் தப்பைக் காட்டிவிட்டார்களே! திரும்பும் ரயிலிலேயே கட்டுரையில் கிப்புலு வரும் பகுதியை அடித்துவிட்டேன். அடித்த பிறகு இன்னொரு பாரமும் இறங்கியது. தமிழ் யார் வீட்டுக்கும் உறவு கொண்டாடிப் போக வேண்டியதில்லை. அதற்கென்று தனி வீடு இருக்கிறது.

போகிறவர்கள் கம்பளி எடுத்துப் போங்கள். இரவில் குளிர் கடிக்கிறது. வெள்ளை வேட்டி வேண்டாம், புழுதி விடாது. புதுச் சொல் ஏதாவது காதில் விழுந்தால், அது எப்போது வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

சென்னைச் சபையில் மிச்சக் கட்டுரையை வாசித்த அன்று முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். சீமைக்கு விடுப்பில் போகிற தங்கவயல் இன்ஜினீயர், வக்கீலின் விருந்தாளி. நான் வாசித்து முடித்ததும் வந்து கைகொடுத்தார். “தங்கவயல் போனீர்களாமே? கல் தூக்கும் வாளியைப் பார்த்தீர்களா? அதற்கு என்ன பெயர் தெரியுமா?”

“கிப்பிள். உங்கள் ஊர்ச் சொல்தானே?” என்றேன்.

அவர் மகிழ்ந்துபோய் வக்கீலைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அந்தப் பகுதியை அடிக்காமல் வாசித்திருந்தால் இவர் வக்கீலிடம் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.