ஆலி மேட்டில் கேட்ட குரல்

செல்வசிங் இதை ஜோடித்துச் சொல்லவில்லை. ஜோடிக்கத் தெரிந்த ஆளும் இல்லை. 1977 மே மாதம், பஹ்ரைனில், பட்டப்பகலில் நடந்தது இது.

ஆலி ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் மண்மேடுகள். ஒவ்வொன்றும் நாலாயிரம் வருஷத்துக் கல்லறை. ரோடு போடுவதற்கு முன் அவற்றைத் தோண்டிப் பார்க்கும் வேலை. முட்டத்திலிருந்து வந்த செல்வசிங்கின் அப்பாதான் போர்மேன். அவருக்குக் கீழே மூத்த மகன் செல்வசிங்கும் இளையவன் பர்னபாஸும். தான் ஊருக்குத் திரும்பும்போது போர்மேன் வேலை மூத்தவனுக்குத்தான் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ஆனால் மார்ச் மாதமே கேம்ப் ரூமில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் இன்ஜினீயருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. ரூமைச் சோதித்தார்கள். செல்வசிங்கின் தகரப் பெட்டியில், துணிக்கு அடியில், கல்லறையில் எடுத்த செம்பு மோதிரம் ஒன்று கிடந்தது. தான் வைக்கவில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லியும் யாரும் நம்பவில்லை. பர்னபாஸ் போர்மேன் ஆனான். அண்ணனை மண் அள்ளவாவது விடுங்கள் என்று அவன்தான் இன்ஜினீயரிடம் கெஞ்சினானாம். அந்த நன்றியில், தம்பி வந்தால் செல்வசிங் எழுந்து நிற்பார்.

அன்று பகல் 12.40. எல்லாரும் லாரி நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வசிங் மட்டும் குழிக்குள், இன்னும் திறக்காத ஒரு கல்லறையின் வாசலில் மணல் தள்ளிக்கொண்டிருந்தார்.

சர்ர்... சர்ர்...

உள்ளிருந்து வந்தது. யாரோ கல்லைச் சுரண்டும் சத்தம்.

வாசல் கல்லில் காதை வைத்தார். அந்த வெயிலில் கல் சில்லென்றிருந்தது.

12.43. சத்தம் நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பர்னபாஸே... அண்ணன் பெட்டிக்குள்ள எதுக்குலே கைய விடுத?"

அப்பாவின் குரல்.

பிறகு, மெதுவாக...

"தண்ணி தாலே, மக்கா..."

ஓடினார்.

லாரி நிழலில் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். செல்வசிங் கேட்டதை அப்படியே சொன்னார். பர்னபாஸின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஒனக்கு யாருண்ணே சொன்னா?"

மறுநாள் அந்த வாசல் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே கூரைவரை மணல் இறுகிக் கிடந்தது. ஓர் எலி நுழையவும் இடமில்லை.

அன்று மாலை பர்னபாஸ் தானாகவே வந்து உட்கார்ந்தான். மோதிரத்தை வைக்கும்போது அப்பா பார்த்துவிட்டாராம். அதே கேள்வியைத்தான் கேட்டாராம். கேட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம்.

"தண்ணி?" என்றார் செல்வசிங்.

"கேட்டாரு... ஒரு மணி நேரம் கேட்டுட்டே கெடந்தாரு. நான் கதவச் சாத்திட்டு வெளிய நின்னேன்."

அந்த ஒரு மணி நேரத்துக்குள் செல்வசிங் ரூமுக்கு வந்திருந்தார். 'அப்பா தூங்குதாரு, எழுப்பாத' என்று வாசலில் நின்ற தம்பி சொன்னான். சரி என்று, சத்தமில்லாமல் திரும்பி நடந்தார்.