சங்கக்காவின் தொண்டை

அடேயப்பா, என்ன தொண்டை அது! அவள் வாசலில் நின்று தன் பிள்ளைகளைக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடும். ஆலைச் சங்கு கெட்டது போங்கள். அதனால்தான் சங்கக்கா என்று பேர். பெரிய இயந்திரங்களை மாடிக்கு ஏற்றி இறக்கும் கூட்டத்தில் சுமையைச் சுற்றி வார் கட்டுகிற வேலை அவளுக்கு. பழைய மேஸ்திரி முட்டிவலி என்று விலகிக்கொள்ள, முதலாளி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு பேக்கரி மாடிக்கு ரெண்டு ஓவன் ஏத்தணும். நீயே குரல் குடு. சிக்கலில்லாம முடிஞ்சா நீதான் மேஸ்திரி. இல்லேன்னா வெளியாளக் கொண்டு வருவேன்."

சங்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவனிடம் சொன்னாள். "வீட்ல இத்தனை வருஷமா அந்த வேலையத்தானே பாக்குற, சம்பளம் இப்பத்தான் வருதாக்கும்" என்றான் அந்த மனுஷன். கரண்டியை ஓங்கிக்கொண்டு அவனை விரட்டினாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சுமை கையில் இருக்கும்போது மேஸ்திரி மட்டும்தான் வாயைத் திறக்கலாம். மற்றவர்களுக்குத் தும்மல் வந்தாலும் முழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு குரல் கேட்டால் பாதிப் பேர் தூக்குவார்கள், பாதிப் பேர் விடுவார்கள், நடுவில் அகப்பட்டவன் கதி அதோகதி. சங்கக்காவும் காலையில் கறாராகச் சொல்லிவிட்டாள். "என் சத்தத்தத் தவிர வேற எவன் சத்தமும் கேக்கக் கூடாது, ஆமா!"

படிகளின் மேல் பலகை போட்டாயிற்று. மேலே நாலு பேர் வடம் பிடித்தார்கள். கீழே நாலு பேர் தோள் கொடுத்தார்கள், அதில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி. மேல்படியின் ஓரத்தில் சங்கக்கா நின்றாள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு முதலாளி. அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டிருந்தது.

"தூக்கு! நில்லு! தூக்கு!"

அம்மாடி, ஓவன் ஏறுகிறது! இவள் வாயைத் திறந்தால் அவ்வளவு பெரிய இரும்பு அசைகிறது! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மேல்தளம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த தூக்குக்கு மூச்சை இழுத்தாள்.

"நில்லு!"

அது அவள் குரல் இல்லை. கீழே இடது பக்கம் நின்ற உம்மணாமூஞ்சியின் குரல். 'ம்' என்பதைத் தாண்டி எதுவும் பேசாதவன் என்பதால் வந்த பேர் அது. அந்த ஆசாமியா இப்படிக் கத்தினான்! மேலே இரண்டு பேர் வடத்தைத் தளர்த்த, இரண்டு பேர் இறுக்க, ஓவன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் முதல் நாளில், முதலாளி கண்ணெதிரில், குறுக்கே பேச இவன் யார்? அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 'தூக்கு' என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் உம்மணாமூஞ்சியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நில்லுங்கடா!" என்று அலறினாள். அத்தனை பேரும் ஆணி அடித்தாற்போல் நின்றார்கள்.

கைப்பிடியோரமாக ஒடுங்கி இறங்கி, குனிந்து பார்த்தாள். ஓவனுக்கு அடியில் இருந்த பலகை நகர்ந்துபோய், படியின் விளிம்பில் நகக்கண் அளவுக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் முழுச் சுமையும் கீழே நிற்பவர்கள் மேல்தான்.

"முட்டுக் குடுங்கடா! பலகையத் திருப்பிப் போடு! இப்ப தூக்கு!"

ஓவன் மேலே போய் உட்கார்ந்தது. தெருவே கைதட்டியது. கூட்டம் இறங்கி வந்து துண்டைச் சுழற்றி ஆடியது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"வேலை முடிஞ்சுது, சந்தோஷம். ஆனா குறுக்க கத்துனவன் இனிமே வேணாம். சட்டம்னா சட்டம். அவன அனுப்பிட்டு நீ மேஸ்திரியா இரு."

"மன்னிச்சுக்கக்கா, வாய் தவறிடுச்சு" என்று முனகிவிட்டு உம்மணாமூஞ்சி கிளம்பவே ஆரம்பித்துவிட்டான்.

"எங்கடா போற? நில்லு அங்கயே!" என்றாள் சங்கக்கா. பிறகு முதலாளியைப் பார்த்துத் திரும்பினாள். "மொதலாளி, என் கண்ணுக்குப் படாதது அவன் கண்ணுல பட்டுச்சு. அவன் கத்தலேன்னா என் தம்பி இப்ப இல்ல. இவன அனுப்புனா நாளைக்கு எவன் வாயத் திறப்பான்? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நசுங்கிச் சாவானுங்க. அதுக்கா எனக்கு மேஸ்திரி வேலை? வெளியாளையே கூட்டிட்டு வாங்க, நான் வாரே கட்டிக்கிறேன்."

ஆசை ஆசையாகக் காத்திருந்த வேலை. சொல்லிவிட்டு, கீழே கிடந்த ஒரு வாரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"சரி சரி, அத அப்புறம் பாப்போம்" என்ற முதலாளி, கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டாவதத் தூக்குங்கப்பா" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னார். ம்ஹூம். எல்லார் கண்ணும் சங்கக்கா மேல்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேளுங்கடா. தூக்குன்னு நான் மட்டும்தான் சொல்லுவேன். நில்லுன்னு எவன் வேணாலும் சொல்லலாம். ஒருத்தன் சொன்னாலும் எல்லாரும் நிக்கணும், நான் உள்பட. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா!"

"டேய் உம்மணா, உன் பக்கம் சரியா?"

"இல்லக்கா! வார் தளர்வா இருக்கு!" என்று அவன் தெருவே அதிரக் கத்தினான்.

அந்த வாரைக் கட்டியது சங்கக்காதான். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினாள்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆகட்டும், மேஸ்திரி" என்றார்.