ஐந்தாம் பெட்டி

1998 ஆகஸ்ட் 19, புதன்கிழமை, பிற்பகல் 3.40. கிளிநொச்சி மாவட்டம், ஸ்கந்தபுரம். மின்சாரம் நின்று எட்டு ஆண்டுகளாகிவிட்ட அந்த ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பாலை மரங்களின் கீழே, ஐந்து மாணவர்கள் ஒரு கணினியை இயக்கத் தொடங்கினார்கள்.

கணினி என்று அங்கே ஒரு பொருளும் இல்லை. அவர்கள்தான் கணினி.

இது நடந்தது. ஐந்து பேரையும் தனித்தனியே இருத்திக் கேட்டாலும் நேரம் பிசகாமல் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். எதையும் இரண்டு மடங்காக்கிச் சொல்லும் சுமன்கூட இந்த ஒன்றில் எதையும் கூட்டுவதில்லை.

அமராவதிக்கு அப்போது இருபது வயது. தகப்பன் மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, ஊரார் காணிகளில் கூலிக்கு வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகக் கடிதம் வந்த முதல் ஆள் அவள். வவுனியாவில் கணினி விஞ்ஞானம். கடிதம் வந்து சேர்ந்தபோது போரால் பாதை மூடியிருந்தது. முதல் தவணை அவள் இல்லாமலே முடிந்தது. பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. வர முடியாமற்போனவர்களுக்கு ஆகஸ்ட் 27 அன்று ஒரு சோதனை. கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளை ஒழுங்காக எழுதி, அங்கேயே ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

"கரண்டே இல்லாத ஊருல கம்ப்யூட்டரு படிக்கிறியா?" என்று மாயாண்டி சிரித்தார். "குளமே இல்லாம நீச்சலு பழகுற மாதிரியில்ல இருக்கு."

"தரையில கையைக் காலை அடிச்சுப் பழகிக்கொண்டு போறன் அப்பா. தண்ணியைக் கண்டவுடன நீந்துவன்."

"முங்கிட்டா?"

"முங்கினால் வந்து உங்களோட வெங்காயம் நடுறன். அதுக்குப் பிறகு படிப்பெண்ட கதையை நான் எடுக்கமாட்டன்."

சொன்னால் சொன்னதுதான். அது மாயாண்டிக்கும் தெரியும்.

அதே கடிதம் அந்தப் பகுதியில் ஆறு பேருக்கு வந்திருந்தது. ஆறு பேருக்கும் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அது கிருபனுடையது. கணினி இல்லாமல் எப்படிப் பழகுவது என்று வழி கண்டுபிடித்தவனும் அவன்தான்.

கணினியின் நினைவகம் என்பது எண்களை வைக்கும் பெட்டிகள். ஆகவே ஓர் ஆள் ஒரு பெட்டி. கொப்பிகள் கிடைக்காத காலம் என்பதால் ஆளுக்கொரு சிலேட். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மரத்தின் கீழே, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மரத்துக்கு மரம் முப்பது அடி. ஆறாவது ஆளான அமராவதி, கட்டளைத் தாளை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்து, பெட்டிக்குப் பெட்டி நடந்து எண்களைச் சொல்வாள்.

கிருபன் மூன்று சட்டம் போட்டிருந்தான். பெட்டிக்குக் கண் இல்லை, திரும்பிப் பார்க்கக்கூடாது. பெட்டிக்கு வாய் இல்லை, கதைக்கக்கூடாது. புதிதாக ஒன்றை எழுதச் சொல்லும்வரை, இருப்பதைப் பெட்டி அழிக்கக்கூடாது.

நான்கு எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவதுதான் பயிற்சி. நான்கு எண்களுக்கு நான்கு பெட்டி. ஐந்தாவது எதற்கு என்று சுமன் முதல்நாளே சண்டை பிடித்தான்.

"ஒரு பேணியில தேத்தண்ணி, மற்றப் பேணியில பால். ரெண்டையும் இடம் மாத்தோணும். எப்பிடி மாத்துவாய்?" என்று கேட்டான் கிருபன்.

"ரெண்டையும் குடிச்சிட்டுப் போயிடுவன்."

"மூண்டாவது பேணி ஒண்டு வேணும்ரா. முதல்ல தேத்தண்ணியை அதுக்குள்ள ஊத்தி வைக்கோணும். இல்லாட்டி ஒண்டு அழிஞ்சுபோம். அந்தப் பேணி நான்."

அப்படிக் கிருபன் ஐந்தாம் பெட்டி ஆனான். வற்றிய குளத்தின் அணைக்கட்டோரம், எல்லாவற்றிலும் தள்ளி நின்ற பாலை அவனுடைய இடம். அவனுடைய சிலேட்டுக்கு ஒரு மூலை உடைந்திருந்தது. சிவப்பு வயரால் சுற்றிக் கட்டியிருந்தான். அவன் எழுதும் ஒன்பதுக்கு வால் வளையாது. ஆணி அடித்ததுபோல் நேராக இறங்கும்.

சனிக்கிழமை அவனுக்கு மலேரியா கண்டது. ஞாயிறு காலை மாமன் தங்கராசா அவனை உழவு இயந்திரத்தில் ஏற்றி முள்ளியவளையில் இருந்த தாயிடம் கொண்டுபோனார். அதன்பின் செய்தி இல்லை. செய்தி வர வழியும் இல்லை.

புதன்கிழமை கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசியது. கிளிநொச்சிப் பக்கம் இடையிடையே ஷெல் விழும் சத்தம். அதை யாரும் எண்ணவில்லை.

"அஞ்சாம் பெட்டி இல்லாமல் என்னெண்டு ஓட்டுறது?" என்றாள் பிரஷாந்தினி. அவள் ஒன்றாம் பெட்டி.

"அவன்ர இடத்தில ஒரு கல்லை வைப்பம். அவனும் கதைக்கிறேல்ல, கல்லும் கதைக்காது," என்றான் சுமன். அவன் இரண்டு.

"அஞ்சாம் பெட்டியை நான் தலைக்குள்ள வைச்சிருக்கிறன். போய் இருங்கோ," என்றாள் அமராவதி.

3.45க்குப் பால்மாத் தகரப் பேணிக்குள் கைவிட்டு, துண்டுத் தாள்களில் எழுதியிருந்த எண்களை எடுத்தார்கள். பிரஷாந்தினிக்கு 19. சுமனுக்கு 46. மூன்றாம் பெட்டி ஜெகதீஸ்வரிக்கு 8. நான்காம் பெட்டி அனோஜனுக்கு 23. எல்லோரும் மரங்களுக்குப் போய் முதுகைத் திருப்பினார்கள்.

3.52. அமராவதி தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

அணைக்கட்டோரப் பாலையின் கீழே கிருபன் இருந்தான்.

அவன் வழக்கமாகப் போடும் சாம்பல் நிறச் சேட். தலையை மூடித் துவாய். முழங்கையோரம் சிலேட்டின் சிவப்பு வயர். சுரம் விட்டு யாரோ சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. போய் விசாரிக்கவில்லை. சட்டம் சட்டம்தான், ஓட்டம் முடியட்டும்.

4.05. பத்தொன்பதும் நாற்பத்தாறும் சரியாக நின்றன. நாற்பத்தாறும் எட்டும் இடம் மாற வேண்டும். தாளில் இருந்த வரியை வாசித்தாள். சுமனிடம் போனாள்.

"எட்டு எழுது."

அவன் 46ஐ அழித்து 8 எழுதினான். அவனுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறான். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த வரி: இரண்டாம் பெட்டியில் இருப்பதை ஐந்தாம் பெட்டியில் எழுது. அவள் அணைக்கட்டை நோக்கி நடந்தாள்.

"சுரம் விட்டுட்டுதே?"

அவன் குளத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

"சரி, கதைக்காத. எட்டு எழுது."

கை அசையவில்லை.

அவள் அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சிலேட்டில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. 46.

யாரும் அவனுக்குச் சொல்லாத எண். இப்போது எந்தப் பெட்டியிலும் இல்லாத எண்.

"பெட்டிக்குச் சொந்த மூளை இல்லை. நீதானே சட்டம் போட்டனி? எட்டு எழுது."

எழுதவில்லை.

அமராவதிக்குக் கோபம் வந்தது. தாளை விரித்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றபடி மறுபடி வாசித்தாள்... அப்போதுதான் கண்டாள். முந்தினநாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் பிரதி எடுக்கும்போது இரண்டு வரிகளை மேல்கீழாக எழுதியிருந்தாள். ஐந்தாம் பெட்டிக்குள் முதலில் போட வேண்டியதை இரண்டாவதாகப் போட்டிருந்தாள். 46 அழிந்துதான் போயிருக்க வேண்டும். சுமனின் சிரிப்பு அதற்குத்தான்.

வவுனியாவுக்கும் இதே தாளைப் பாடமாக்கிக்கொண்டுதான் அவள் போயிருப்பாள்.

பென்சிலால் வரிகளை மாற்றினாள். 46ஐ ஜெகதீஸ்வரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

4.17. மறுபடி ஐந்தாம் பெட்டி. இந்த முறை வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

கிருபன் செருப்பைக் கழற்றி வலப்பக்கம் வைப்பவன். செருப்பு இல்லை.

மழை கண்டு நான்கு மாதம். துவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முதுகு... ஏறி இறங்கவில்லை.

4.26. கடைசி மாற்றம். "பத்தொன்பது எழுது" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சிலேட்டில் 19 இருந்தது. ஆணி அடித்ததுபோன்ற ஒன்பது.

4.32. எட்டு, பத்தொன்பது, இருபத்துமூன்று, நாற்பத்தாறு. சரி.

"முடிஞ்சுது!" என்று கத்தினாள். நான்கு பேர் எழுந்து வந்தார்கள்.

ஐந்தாவது மரத்தின் கீழே யாரும் இல்லை. நிலத்தில் ஒரு பாய் அளவுக்கு ஈரம். புழுதியில் அமராவதியின் காலடிகள் மட்டும்.

கிருபன் இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தான் என்றாள் அமராவதி. "ஏலாமல் மாமன் வீட்டை போயிருப்பான்," என்றான் அனோஜன்.

வெள்ளிக்கிழமை காலை தங்கராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

"பிள்ளையள், கிருபன் போயிட்டான். புதன் விடிய ஆறு இருபதுக்கு. மூளைக்கு ஏறிட்டுதாம். மருந்து இல்லை எண்டிட்டினம்."

"எந்தப் புதன்?" என்றான் சுமன்.

"முந்தநாள்தான்ரா. மத்தியானம் மூண்டு மணிக்குச் சுடலையில வைச்சு எரிச்சாச்சு."

பிரஷாந்தினி நிலத்தில் குந்திவிட்டாள்.

செய்தி மதியத்துக்குள் ஊர் சுற்றியது. ஜெகதீஸ்வரியின் தாய் நூல் கட்டுவிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இனி யாரும் போகவேண்டாம் என்றார்கள். படிப்பு இவ்வளவு காலம் காத்திருந்தது, இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் என்ன என்றார்கள்.

"செவ்வாய் பாதை திறக்குது. வியாழன் சோதினை," என்றாள் அமராவதி. "நாளைக்கு மூண்டு நாப்பதுக்கு எல்லாரும் வாறியள்."

"அமரா, உனக்குப் பயமில்லையே?" என்றாள் பிரஷாந்தினி.

"இருக்கு. ஷெல்லுக்கும்தான் பயம். அதுக்குச் சோறு தின்னாமல் விட்டனாங்களே?"

"அஞ்சாம் பெட்டி?"

"நான் இருக்கிறன்."

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பிரஷாந்தினி அழுதுகொண்டே வந்தாள், ஆனால் வந்தாள். சுமன் தாளைப் பிடித்தான். மிச்சமிருந்த மூன்று பெட்டிகளுக்கு மூன்று எண்கள். அமராவதி அணைக்கட்டுக்குப் போய், குளத்தைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

3.58. சுமன் வந்து ஓர் எண் சொன்னான். எழுதினாள். போனான்.

4.05. காற்று நின்றது.

பாலை இலை ஒன்றுகூட அசையவில்லை. ஷெல் சத்தமும் இல்லை.

வலப்பக்கம்... மிகக் கிட்ட...

கிர்ர்... கிர்ர்...

சிலேட்டில் வெண்கட்டி உரசும் சத்தம்.

நின்றது.

மறுபடி.

கிர்ர்...

அவளுடைய வலக்கை மயிர் சிலிர்த்தது. அந்தப் பக்கக் கன்னத்தில் ஈரக் குளிர்.

ஓடலாம்.

ஓடவில்லை.

குளத்தைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"இது இப்ப என்ர இடம். பெட்டி கதைக்காது, திரும்பாது. நீ வைச்ச சட்டம். ஓட்டம் முடியட்டும், பேசாமல் இரு."

சத்தம் நின்றது.

4.19க்கு ஓட்டம் முடிந்தது. எண்கள் சரியாக அடுக்கப்பட்டிருந்தன. அமராவதி எழுந்து வலப்பக்கம் பார்த்தாள். வெறும் புழுதி. அதில் ஒரு சிறிய வட்டத்தில் ஈரம்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். காட்டுப் பாதையால் இரண்டு நாள் பயணம். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒளிரும் திரை ஒன்றின் முன்னால் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அரசாங்க நேரத்துக்கு அரை மணி பிந்திய வன்னி நேரத்தில் ஓடிய அவளது கைக்கடிகாரம் எட்டரை காட்டியது. பத்து எண்களை அடுக்கும்படி கேட்டிருந்தார்கள். விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஒரு விரலால் தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தட்டினாள். ஐந்தாம் பெட்டிக்குரிய வரியை முதலில் எழுதினாள். முதல் ஓட்டத்திலேயே பத்தும் வரிசையாக வந்தன.

டிசம்பரில், கிருபனின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முள்ளியவளைக்குப் போனாள். தாய் இலட்சுமி குசினியிலிருந்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஆசுப்பத்திரியில சுரத்துக்கு ஈரத் துவாயைத் தலையில சுத்திக்கொண்டு, சிலேட்டைக் கேட்டுக்கொண்டே கிடந்தவன் பிள்ளை. பை வீட்டை இருந்தது. எடுத்துக்கொண்டு போறதுக்கிடையில..."

பை அலுமாரிக்குள் இருந்தது. ஞாயிறு தங்கராசா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதை யாரும் அவிழ்க்கவில்லை என்றார் தாய். தன்னால் முடியவில்லை, நீயே அவிழ் என்றார்.

அவிழ்த்தாள். இரண்டு சேட், ஒரு துவாய், மூலை உடைந்த சிலேட். சிவப்பு வயர்.

சிலேட்டில் 19 என்று எழுதியிருந்தது. ஒன்பதின் வால் நேராக இறங்கியிருந்தது.

"என்ன கணக்குப் பிள்ளை அது?" என்று கேட்டார் இலட்சுமி. "துடைச்சு வைக்கட்டே?"

"வேண்டாம் அம்மா. அப்பிடியே இருக்கட்டும்."

சோதனை முடிவுகள் ஜனவரியில் வந்தன. பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன. ஐவர் சித்தியடைந்திருந்தார்கள். கிருபனின் பெயருக்கு நேரே 'சமூகமளிக்கவில்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது.